ஜனவரி முதல் டிசம்பர் வரை நண்பர்களுக்குள் ஒரு பறவைப் போட்டி: விதிகளை எப்படி வைப்பது?

நாணல்புதர் கேட்டது:

வணக்கம். நாங்கள் பதினோரு பேர். ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31 வரை யார் அதிக வகைப் பறவைகளைப் பார்க்கிறார்கள் என்று நட்பாக ஒரு போட்டி நடத்த இருக்கிறோம். பரிசு பெரிதாக ஒன்றும் இல்லை, பெருமை மட்டும்தான். எல்லாரும் ஒரே ஊரில் இல்லை என்பதுதான் சிக்கல். இருவர் கடலோரம், ஒருவர் மலையடிவாரம், மூவர் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே. சிலரிடம் கார் இருக்கிறது, சிலருக்கு ஞாயிறு காலை மட்டும்தான் ஓய்வு. இரண்டு பேர் பறவை பார்க்கத் தொடங்கியே சில மாதங்கள்தான் ஆகின்றன.

இதை நியாயமாக எப்படி நடத்துவது? குரல் மட்டும் கேட்டால் கணக்கில் சேர்க்கலாமா? சந்தேகம் வந்தால் யார் தீர்ப்பு சொல்வது? எண்ணிக்கையை எதில் வைத்துக்கொள்வது? மார்ச் மாதத்தோடு பாதிப் பேர் கழன்றுவிடாமல் இருக்க என்ன வழி? இதுபோல நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

---

கரைக்கோடு:

முதலில் எல்லை. மற்றதெல்லாம் பிறகு. எல்லை வைக்காவிட்டால் யாரிடம் பெட்ரோலும் விடுப்பும் அதிகம் என்பதைத்தான் கடைசியில் அளப்பீர்கள். 2015இல் நோவா ஸ்ட்ரைக்கர் உலகைச் சுற்றி ஒரே ஆண்டில் 6,042 வகை பார்த்தார். அடுத்த ஆண்டே ஆர்யான் ட்வார்ஸ்ஹௌஸ் அதை 6,852 ஆக்கினார். அது வேறு ஆட்டம்.

உங்களுக்கு ஏற்றது வட்டம். ஆளுக்கொரு வட்டம், எல்லாருக்கும் ஒரே ஆரம். 5 கி.மீ. ஆரம் என்றால் சுமார் 78.5 சதுர கி.மீ.; 8 கி.மீ. என்றால் சுமார் 201. வாகனம் இல்லாதவர்கள் இருப்பதால் 5 போதும் என்பேன். ஆனால் வட்டத்தின் மையம் வீடாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வீடு வட்டத்துக்குள் எங்காவது இருந்தால் சரி. அடுக்குமாடிக்காரர் வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு குளத்தையோ புதர்க்காட்டையோ உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு சலுகையே பாதி ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துவிடும். நீர்நிலை, வெட்டவெளி, புதர், உயரமான பழைய மரங்கள் என நான்கு வகை இடமும் உள்ளே வருகிறதா என்று பார்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். பரப்பை விட இட வகைதான் எண்ணிக்கையைக் கூட்டும்.

வட்டம் போட கூகுள் எர்த் ப்ரோவில் அளவுகோல் கருவியைத் திறந்தால் வட்டம் என்று ஒரு தாவல் இருக்கும். ஆரத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்து, கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாகச் சேமித்து, அதை கூகுளின் மை மேப்ஸில் ஏற்றினால் கைபேசியில் நீங்கள் உள்ளே நிற்கிறீர்களா வெளியேவா என்று தெரியும். டிசம்பர் 31க்குள் பதினோரு வட்டமும் குழுவில் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நகர்த்தக் கூடாது. வீடு மாறினால் மட்டும் புது வட்டம். பழைய வட்டத்தில் பார்த்தவை அப்படியே இருக்கும், வகுக்கும் எண் மட்டும் புது வட்டத்தினுடையதாக மாறும். (மதிப்பெண் பற்றிக் கீழே சொல்கிறேன்.)

அடுத்த கேள்வி கட்டாயம் வரும்: ஆள் உள்ளே, பறவை வெளியே என்றால்? அமெரிக்கப் பறவையார்வலர் சங்கத்தின் விதி பறவை எல்லைக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் இணையதளமும் செயலியுமான இ-பேர்ட் ஆள் நின்ற இடத்தைப் பதிகிறது. நீங்கள் இ-பேர்ட்டில்தான் கணக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால் ஆள் நிற்கும் இடத்தையே விதியாக்கிவிடுங்கள். எதிர்க்கரையில் நின்ற நாரை கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாராலும் அளக்க முடியாது.

நடந்துகொண்டே எல்லையைத் தாண்டினால் பட்டியலை அங்கேயே முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இ-பேர்ட் ஒரு பட்டியலுக்கு ஒரே ஒரு இடப்புள்ளிதான் வைக்கும். 4 கி.மீ. நடந்த பட்டியலில் எந்தப் பறவை எந்தப் பக்கம் என்று பிறகு பிரிக்க முடியாது.

எது கணக்கு: உயிரோடு, இயற்கை நிலையில், கட்டுப்பாடில்லாமல் இருக்கும் பறவை. கூடு, முட்டை, இறகு, தானியங்கிக் கேமரா படம் எதுவும் சேராது. கூண்டிலிருந்து தப்பியவற்றுக்கு இ-பேர்ட் வைத்திருக்கும் பிரிவையே பின்பற்றுங்கள். ஓரிடத்தில் நிலைத்துப் பெருகிவிட்ட அயல் இனம் சேரும், நேற்று தப்பி வந்த கிளி சேராது. உங்கள் ஆண்டுப் பட்டியலில் தப்பியவை மொத்த எண்ணிக்கைக்குக் கீழே தனியாக நிற்கும், பார்த்தாலே தெரியும்.

மதிப்பெண்ணுக்கு வெறும் எண்ணிக்கை வேண்டாம், விகிதம் வையுங்கள். ஒவ்வொருவருடைய வட்டத்திலும் ஓர் ஆண்டில் எதிர்பார்க்கத்தக்க இனங்கள் எத்தனை என்று முதலில் ஓர் எண்ணை முடிவு செய்து, பார்த்ததை அதனால் வகுக்க வேண்டும். கடலோரக்காரரின் எதிர்பார்ப்பு 240, பார்த்தது 168 என்றால் 70 மதிப்பெண். அடுக்குமாடிக்காரரின் எதிர்பார்ப்பு 160, பார்த்தது 120 என்றால் 75. இவர்தான் முன்னால். எதிர்பாராத இனம் வந்தால் அதுவும் ஒன்றாகவே எண்ணப்படும். அரிய பறவைக்கு மூன்று, ஐந்து என்று அள்ளிக் கொடுக்கும் முறையும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. தவறான அடையாளங்கள் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் நுழையும்.

---

கூகைநேரம்:

கரைக்கோடு சொன்ன எல்லாவற்றுக்கும் சரி. குரல் விஷயத்தை நான் சொல்கிறேன்.

குரலைச் சேர்க்காவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? ஆந்தையையும் பக்கியையும் பார்த்தே ஆக வேண்டும் என்று ராத்திரியில் டார்ச் அடித்து, கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பார்கள். எனவே குரல் சேரும், ஒலியைப் போட்டு அழைப்பது முழுத் தடை என இரண்டையும் ஒரே விதியாக எழுதுங்கள்.

ஆனால் "மெர்லின் காட்டியது" என்பது கேட்டதாகாது. மெர்லின் என்ற கைபேசிச் செயலி ஒலியைப் படமாக்கி, அந்த இடத்துக்கும் தேதிக்கும் பொருந்தும் பறவைகளோடு ஒப்பிட்டு ஊகிக்கிறது. கரிச்சான் அருகில் இருந்தால் போதும். அது வல்லூறு மாதிரி, வேறு பல பறவைகள் மாதிரிகூடக் கத்தும். துடுப்புவால் கரிச்சான் ஒன்றே ஐந்தாறு இனங்களைத் திரையில் ஏற்றிவிடும். பக்கத்தில் நிற்பவரின் கைபேசியில் ஓடும் குரலையும் அது பறவையாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் திரையில் பெயர் வந்ததும் அந்தத் திசையில் தேடுங்கள். பார்த்தால் சேருங்கள். பார்க்க முடியாவிட்டால், அந்தக் குரல் உங்களுக்கே உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சேருங்கள். எதிர்பார்ப்புப் பட்டியலில் இல்லாத இனம் குரலில் மட்டும் வந்தால் ஒலிப்பதிவு கட்டாயம். குறைந்தது 30 வினாடி, பேசாமல், கைபேசியைச் சட்டைப் பையில் வைக்காமல் கையை நீட்டிப் பிடித்துப் பதிய வேண்டும். துணி உரசும் ஓசை மேல்சுருதிக் குரல்களை மூடிவிடும்.

---

கட்டம்கட்டி:

எண்ணிக்கை வைக்கும் வேலை பற்றி.

எதிர்பார்ப்பு எண்ணை எடுக்க இ-பேர்ட்டில், எந்த இனம் எந்தக் காலத்தில் எவ்வளவு தென்படும் என்று காட்டும் பட்டை வரைபடம் இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்கு எடுக்கலாம், அல்லது வட்டத்துக்குள் வரும் ஹாட்ஸ்பாட்டுகளை (பலரும் பட்டியல் பதியும் பொது இடங்களை) மட்டும் தேர்ந்து ஒன்றாக எடுக்கலாம். இரண்டாவதுதான் உங்களுக்கு. ஆண்டுகளைக் கடந்த பத்து ஆண்டு என்று சுருக்குங்கள், இல்லாவிட்டால் வற்றிப்போன ஏரியின் வாத்துகளும் எதிர்பார்ப்பில் வந்துவிடும். தரவைப் பதிவிறக்கினால் ஒவ்வொரு மாதமும் நான்கு பகுதியாக, ஆண்டுக்கு 48 கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்த முழுப் பட்டியல்களில் எத்தனை பங்கில் அந்த இனம் இடம்பெற்றது என்ற விகிதம்.

இங்கே ஒரு பொறி. மேலே மாதிரி அளவு என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்க்காமல் விகிதத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஜூலை இரண்டாம் வாரத்தில் மொத்தமே ஐந்து பட்டியல்தான் வந்திருந்தால், ஒரே ஒருவர் பார்த்த பறவைகூட 20 விழுக்காடு என்று காட்டும். எனவே 48 கட்டத்தையும் மாதிரி அளவால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பட்டியல் எண்ணிக்கையால் வகுத்து, ஆண்டு முழுமைக்குமான விகிதத்தை எடுங்கள். அது அரை விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எதிர்பார்ப்பில் சேர்க்கலாம். ஹாட்ஸ்பாட்டே இல்லாத வட்டமாக இருந்தால், அருகில் இதே மாதிரி நிலமுள்ள வேறொரு வட்டத்தின் எண்ணைக் குழு ஒப்புதலோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் தன் தரவைப் பதிவிறக்கி ஒருவரிடம் கொடுத்தால் போதும். அவர் செய்ய வேண்டிய வேலை:

தேதி வாரியாக இந்த ஆண்டு மட்டும் வடிகட்ட வேண்டும். பிறகு எல்லைச் சோதனை. கோப்பில் ஒவ்வொரு வரியிலும் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். வட்ட மையத்திலிருந்து அட்சரேகை வித்தியாசத்தை 111ஆல் பெருக்குங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்தை 111ஆலும் அட்சரேகையின் கோசைனாலும் பெருக்குங்கள். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தூரம் கி.மீ.இல் வரும். விரிதாள் கோசைனுக்கு ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் எண் வரும், ஆனால் தப்பான எண். பிழை என்று எதுவும் காட்டாது என்பதால் கவனிக்காமலே போய்விடும்.

அடுத்து இனங்களை எண்ணுவது. பொதுப்பெயரை நம்பாதீர்கள், ஆளுக்கொரு மொழி அமைப்பில் வைத்திருப்பார்கள். அறிவியல் பெயர்ப் பத்தியை எடுங்கள். ஒருவர் மஞ்சள் வாலாட்டி என்றும் இன்னொரு நாள் அதன் துணையினப் பெயரோடும் பதிந்திருப்பார். அப்படியே எண்ணினால் இரண்டாகும். முதல் இரண்டு சொற்களை மட்டும் வெட்டியெடுத்து எண்ண வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் மூன்று வகை வரிகளை நீக்குங்கள்: இனம் உறுதியாகாத பதிவுகள், சாய்கோடு போட்ட "இதுவா அதுவா" பதிவுகள் மற்றும் கலப்பினங்கள், வளர்ப்பு வகை என்று குறித்தவை. மூன்றாவதை மறந்தால் பண்ணை வாத்து, அடைப்புக்குறிக்குள் இருந்த வளர்ப்பு என்ற சொல் வெட்டுப்பட்டு, காட்டு வாத்தாக எண்ணிக்கையில் ஏறிவிடும். மாடப்புறா மட்டும் விலக்கு. நகரத்து மாடப்புறா சேரும்.

பெயரியல் மாற்றம் என்று இன்னொன்று. இ-பேர்ட் ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் அக்டோபர் வாக்கில், இனப் பட்டியலைப் புதுப்பிக்கும். பழைய பதிவுகளும் சேர்ந்தே மாறும். 2023இல் உண்ணிக்கொக்கு கிழக்கு, மேற்கு என இரண்டானது. 2024இல் கூகை மூன்றாகப் பிரிந்தது, அதே ஆண்டில் ரெட்போல் என்ற வடநாட்டுச் சிறு குருவியின் மூன்று இனங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. வீட்டில் உட்கார்ந்தபடியே ஒருவருக்கு ஒன்று கூடும், இன்னொருவருக்குக் குறையும். எனவே ஜனவரி 1 அன்று இருக்கும் பட்டியலே டிசம்பர் வரை செல்லும் என்று எழுதிவைத்து, செப்டம்பர் கடைசியில் எல்லாருடைய கோப்பையும் ஒருமுறை பதிவிறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

---

நாணல்புதர்:

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நன்றி. இரண்டு துணைக்கேள்விகள். சேர்ந்து போகும்போது ஒருவர் பதிந்து மற்றவர்களுக்குப் பகிர்வது சரியா? ஞாயிறு மட்டும் வர முடிகிறவர்களுக்கு எப்போது எங்கே போவது என்று ஏதாவது திட்டம் உண்டா?

---

கரைக்கோடு:

பகிர்வது சரி. ஆனால் பகிர்ந்த பட்டியல் அப்படியே நகலாகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. முன்னால் போனவர் பார்த்த காடை உங்கள் பட்டியலிலும் இருக்கும். ஏற்றுக்கொண்ட அன்றே திறந்து, நீங்கள் பார்க்காததை உங்கள் நகலில் நீக்க வேண்டும். மற்றவர் நகல் அதனால் மாறாது. அன்றைக்கு வராதவருக்குப் பகிர்வது நேரடித் தகுதி நீக்கம் என்று எழுதிவிடுங்கள். நண்பர்கள்தானே என்று விடும் இடம் இது இல்லை, அந்தப் பதிவு ஆய்வுத் தரவுக்குள் போகிறது.

இன்னொரு வழக்கமான பிழை: பட்டியலை நிறுத்த மறந்து வண்டியில் ஏறிவிடுவது. பாதைப்பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், 1 கி.மீ. நடை 14 கி.மீ. ஆகிவிடும். அனுப்புவதற்கு முன் தூரத்தையும் நேரத்தையும் கையால் திருத்தலாம். ஒரு பட்டியல் ஒரு மணி நேரத்துக்குள், ஒன்றிரண்டு கி.மீ.க்குள் இருந்தால் நல்லது. பார்த்து ஏழு நாளுக்குள் அனுப்பாதது போட்டிக்குச் சேராது என்று வையுங்கள். ஆகஸ்டில் ஒருவர் பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நாற்பது இனம் கொட்டினால் யாராலும் சரிபார்க்க முடியாது.

---

வலசைவழி:

திட்டம் பற்றி. அதிக நேரம் இருப்பவரை ஞாயிறு மட்டும் வருபவர் முந்துவதற்கு ஒரே வழி காலத்தைப் பிரிப்பது.

கட்டம்கட்டி சொன்ன அதே பட்டை வரைபடத்தை எடுத்து, இனங்களை நான்காகப் பிரியுங்கள். ஆண்டு முழுதும் இருப்பவை, குளிர்காலத்துக்கு வருபவை, கடந்துபோகும் வழியில் ஒன்றிரண்டு வாரம் மட்டும் தங்குபவை, இனப்பெருக்கத்துக்கு மட்டும் வருபவை அல்லது அப்போது மட்டும் குரல் கொடுப்பவை. முதல் வகைக்காக ஒரு ஞாயிறைக்கூடச் செலவழிக்காதீர்கள், அவை தானாக வரும். ஜனவரி முதல் வாரத்தில் எல்லாரும் செய்யும் தவறு சின்னானையும் தையல்சிட்டையும் எண்ணிக்கை ஏறுவதற்காகத் துரத்துவது. தையல்சிட்டு ஆகஸ்டிலும் அதே வேலியில்தான் இருக்கும். ஊசிவால் வாத்து இருக்காது.

மூன்றாம் வகைக்குத்தான் தேதி போட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் பறவைக்குப் பட்டை இரண்டு மூன்று கட்டத்துக்கு மட்டும் தடிக்கிறதோ, அதன் நடு வாரத்தை நாட்காட்டியில் எழுதுங்கள். வலசை வழியில் இரண்டு வாய்ப்பு உண்டு, போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. வசந்தத்தில் தவறினால் இலையுதிர் காலத்தில் கிடைக்கலாம் என்று தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பறவையும் இரண்டு முறையும் ஒரே வழியில் வருவதில்லை, அதையும் வரைபடமே காட்டிவிடும்.

எந்த நிலையில் பார்த்தால் அடையாளம் எளிது என்பதும் காலத்தைப் பொறுத்ததுதான். வடக்கே இனப்பெருக்கம் முடித்து உள்ளான்கள் ஜூலை, ஆகஸ்டில் திரும்பும்போது முதலில் வருவது முதிர்ந்தவை. தேய்ந்த இனப்பெருக்கச் சிறகோடு இருக்கும், நிறம் இன்னும் மிச்சம் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் இளம்பறவைகள், விளிம்பு கட்டிய புதுச் சிறகோடு. டிசம்பரில் எல்லாம் ஒரே சாம்பல். வாத்துகளில் இது தலைகீழ். வந்து சேரும்போது ஆணும் பெண்போலவே மங்கலாக இருக்கும், பிறகு மெல்ல மெல்லத்தான் ஆண் வாத்து தன் நிறத்துக்கு வரும். எனவே கிளுவைக் கூட்டத்துக்குள் வேறொன்றைத் தேட ஜனவரியும் பிப்ரவரியும் நல்லது. இந்திய மடையானும் சீன மடையானும் சேர்ந்து வரும் இடத்தில் இருப்பவர்கள் இனப்பெருக்க நிறம் ஏறும் வரை பொறுங்கள். குளிர்கால உடையில் அவற்றைப் பிரிப்பது நம்பகமாக முடியாது, சாய்கோடு போட்டுப் பதிவதுதான் நேர்மை.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். கதிர்க்குருவியும் கீச்சானும் விடிந்த முதல் இரண்டு மணி நேரம். தேன்பருந்து வெயில் ஏறி வெப்பக்காற்று எழும்பிய பிறகு. ஆறு மணிக்கே போய் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. கடலோரக்காரர்கள் கடிகாரத்தை விட ஓத அட்டவணையைப் பாருங்கள். நீர் இறங்கியிருக்கும்போது உப்புக்கொத்திகள் கிலோமீட்டர் கணக்கில் சிதறி இருக்கும். உச்ச ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து நீர் அவற்றைத் தள்ளித் தள்ளி ஒரே மணல்திட்டில் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட வேண்டும். கூடிய பிறகு நடந்து போனால் மொத்தமும் எழுந்துவிடும், பறவைக்கும் இளைப்பாறுதல் போச்சு.

மார்ச் மாதத்தோடு கழன்றுவிடுவார்கள் என்று பயந்தீர்கள் இல்லையா. காரணம் எளிது. எண்ணிக்கையின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும், பிறகு மாதத்துக்கு நான்கைந்துதான் கூடும். பின்தங்கியவர்களுக்கு எட்டவே முடியாது போலத் தோன்றும். அதற்கு மாதக் கணக்கை இரண்டாவது போட்டியாக வையுங்கள். ஒவ்வொரு மாதம் முதல் தேதியும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 12 மாதத்தில் ஒருவருடைய சிறந்த 8 மாதங்களை மட்டும் கூட்டுங்கள். காய்ச்சல், தேர்வு, வெளியூர்ப் பயணம் எல்லாம் மீதி நான்கில் அடங்கிவிடும். உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் சேர்ந்து பதியும் பிப்ரவரியின் நான்கு நாள் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, மே மாத உலகப் பெருநாள் (குளோபல் பிக் டே), அக்டோபர்ப் பெருநாள் (அக்டோபர் பிக் டே) ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியலாவது தருபவருக்கு அந்த மாதம் கூடுதலாக ஒரு புள்ளி தரலாம். சோம்பல் முறிய அது போதும்.

---

எட்டுக்குநாற்பத்திரண்டு:

யாரும் சான்று பற்றிப் பேசவில்லை. சண்டை வருவது அங்கேதான்.

எதிர்பார்ப்புப் பட்டியலில் இல்லாதது, இ-பேர்ட் அரிது என்று குறியிட்டது இரண்டுக்கும் படம் அல்லது ஒலி அல்லது எழுத்துக் குறிப்பு. "நன்றாகப் பார்த்தேன், உறுதி" என்பது குறிப்பு ஆகாது. எழுத வேண்டியது: எவ்வளவு தூரம், வெயில் எந்தப் பக்கம், அருகில் இருந்த தெரிந்த பறவையை விடப் பெரிதா சிறிதா, அலகு, கால், பறக்கும்போது என்ன தெரிந்தது, இதைப் போன்ற மற்ற இனம் ஏன் இல்லை. இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

பறக்கும்போது என்று சொன்னதற்குக் காரணம், பல இரட்டைகள் அப்போதுதான் பிரியும். நிற்கும் சாம்பல் உப்புக்கொத்தியையும் பொன் உப்புக்கொத்தியையும் தூரத்தில் குழப்பிக்கொள்வது சகஜம். இறக்கையைத் தூக்கியதும் அக்குளில் கறுப்புத் திட்டு தெரிந்தால் சாம்பல், வேறு பேச்சே இல்லை. பொரி உள்ளானுக்கும் பச்சை உள்ளானுக்கும் இறக்கையின் அடிப்புறம்: முன்னதில் வெளிறி இருக்கும், பின்னதில் கருத்திருக்கும். கோரை உள்ளானுக்கு இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு உண்டு, ஊசிவால் உள்ளானுக்கு இல்லை. எனவே எழும் நொடியில் பைனாகுலரில் இருக்க வேண்டும், கேமராவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காகக் கல்லெறிந்து எழுப்பாதீர்கள். அது இறக்கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கும் வரை காத்திருக்கலாம், சீக்கிரமே செய்யும்.

படம் என்றால் முதலில் எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஒரு முழுப்பறவைப் படம். அழகு பிறகு. பறப்பதற்கு 1/2000 வினாடி, தொடர் படப்பிடிப்பு. கேமராவின் கடிகாரத்தைக் கைபேசியோடு ஒப்பிட்டுச் சரிசெய்து வையுங்கள். டிசம்பர் 31 படத்தில் ஜனவரி 2 என்று இருந்தால் வம்பு. பெரிய கேமரா இல்லாதவர்கள் பைனாகுலரின் கண்வில்லையில் கைபேசியை ஒட்டிவைத்து வீடியோ எடுங்கள். அசைந்தாலும் வீடியோவின் நூற்றுக்கணக்கான படச்சட்டங்களில் ஒன்று தெளிவாக இருக்கும்.

புதியவர்கள் இருவருக்கும்: பைனாகுலர் வாங்கினால் 8×42, அதாவது 8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை. வெளிவரும் ஒளிவட்டம் 42ஐ 8ஆல் வகுத்து 5.25 மி.மீ.; விடியலில் புதருக்குள் பார்க்க இது வேண்டும். கையடக்கமான 8×25இல் இது 3.1தான், இருட்டாகத் தெரியும். 10× கையில் நடுங்கும். வாங்கியதும் செய்ய வேண்டியது: வலப்பக்க முன்வில்லையை மூடி, இடக்கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருப்பித் தூரத்துப் பலகையில் உள்ள எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண்ணருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். இதைச் செய்யாமல் "என் பைனாகுலர் சரியில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் வெயில் ஏறிய பிறகு 40×க்கு மேல் போகாதீர்கள், கானல் அலைதான் தெரியும்.

---

கூகைநேரம்:

ஒன்று விட்டுப்போயிற்று. கூட்டின் படமோ கூட்டருகே எடுத்த படமோ சான்றாக ஏற்கப்படாது என்று எழுதுங்கள். ஆந்தை பகலில் அடையும் மரத்தை இடப்புள்ளியோடு குழுவில் போடுவதும் கூடாது. சில இனங்களின் இடத்தை இ-பேர்ட்டே பொதுமக்களுக்கு மறைக்கிறது. அது மறைத்ததை நீங்கள் வாட்ஸாப்பில் திறந்துவிட்டால் என்ன பயன்?

---

நாணல்புதர்:

ஒருவருடைய பதிவை இன்னொருவர் ஏற்கவில்லை என்றால்? நடுவர் வைக்க எங்களுக்குள் எல்லாரும் போட்டியாளர்கள்.

---

கரைக்கோடு:

மூன்று பேரைச் சுழற்சியில் வையுங்கள், காலாண்டுக்கு ஒரு மூவர். தன் பதிவு வரும்போது விலகிக்கொள்ள வேண்டும், அந்த இடத்துக்கு அடுத்த காலாண்டுக்காரர் ஒருவர். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் சேரும். பார்த்தவர் பொய் சொன்னார் என்பது அல்ல இதன் பொருள், கொடுத்த சான்று அந்த இனத்துக்குப் போதாது என்பது மட்டுமே. இந்த வாக்கியத்தை விதித்தாளில் அப்படியே சேர்த்துவிடுங்கள், பாதி மனக்கசப்பு குறையும். இ-பேர்ட்டில் உங்கள் பகுதிக்கான சரிபார்ப்பாளர் ஒரு பதிவை ஏற்கவில்லை என்றால் போட்டியிலும் அது இல்லை; அதற்கு மேல் முறையீடு கிடையாது.

வண்டியில்லாமல் பார்த்தவற்றுக்குத் தனிப் பத்தி ஒன்று வையுங்கள். டோரியன் ஆண்டர்சன் 2014இல் அமெரிக்காவைச் சைக்கிளிலேயே சுற்றி 618 இனம் பார்த்தார். 5 கி.மீ. வட்டத்துக்குள் அது யாருக்கும் கஷ்டமில்லை. மொத்த மதிப்பெண் சமமாக வந்தால் இந்தப் பத்தியில் யார் அதிகமோ அவர் முன்னால். அதுவும் சமமானால் ஆண்டு முழுக்க யார் அதிக முழுப் பட்டியல் கொடுத்தாரோ அவர்.

டிசம்பர் பதிவுகளுக்குக் கடைசி நாள் ஜனவரி 5. அன்று இரவு எல்லாரும் தரவைப் பதிவிறக்கி அனுப்ப வேண்டும், அதன் பிறகு பழைய பட்டியலில் எதைத் திருத்தினாலும் போட்டிக்குச் செல்லாது.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். டிசம்பர் கடைசி இரண்டு வாரம் ஒத்திகை நடத்துங்கள். பதினோரு பேரும் ஆளுக்கு மூன்று பட்டியல் அனுப்பி, கட்டம்கட்டி சொன்ன கணக்கை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். யாருடைய வட்டம் தவறாகப் போடப்பட்டிருக்கிறது, யார் எண்ணிக்கைக்குப் பதிலாக வெறும் பெருக்கல் குறி (பார்த்தேன், எண்ணவில்லை என்பதற்கு) போடுகிறார், யாருக்குப் பகிர்ந்த பட்டியலைத் திருத்தத் தெரியவில்லை என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஒத்திகையில் பார்த்தது எதுவும் ஜனவரிக்கு வராது என்பதை மட்டும் புதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.